யாளிக்குச் சிறகு கட்டியவர்களுக்கு நன்றி

போன ஞாயிறு சாயங்காலம் மயிலாப்பூரில் எங்கள் மொட்டை மாடியில் பிள்ளைகள் போட்ட சுனையாளி நாடகத்துக்குக் கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. அதில் பாதி உங்களுக்கு வர வேண்டியது.

எங்கள் கதையின் யாளிகள் செதிலும் சிறகும் உள்ளவை, மலைச்சுனையில் வாழ்பவை. விடிகாலையில் அவை மூச்சுவிட்டால் பனி எழும்பும். ஊரார் அதைப் புகை என்பார்கள். தாய் யாளி தன் குட்டியையே விழுங்குகிறது, கண்ணால் பார்த்தோம் என்று தீவட்டியோடு கிளம்புவார்கள்.

வடநெம்மேலி முதலைப் பண்ணையில் எங்களுக்காக ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற பராமரிப்பாளர் அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. "அம்மா முதலை குட்டியைத் தின்னுடுமாமே?" என்று ஒருத்தி கேட்டாள். முட்டைக்குள் குஞ்சு கத்துவது கேட்டதும் தாய் மண்ணைத் தோண்டும், குஞ்சுகளை வாயில் எடுத்துப்போய்த் தண்ணீரில் விடும், தள்ளி நின்று பார்த்தால் தின்கிற மாதிரிதான் இருக்கும் என்றார். சொல்லும்போதே இரண்டு உள்ளங்கைகளையும் தாடைபோலக் குவித்து, நடுவில் ஒரு கூழாங்கல்லை வைத்து, நசுங்காமல் மூடிக் காட்டினார். அண்ணா, எங்கள் கடைசிக் காட்சி அந்தக் கைகள்தான்.

அன்றைக்கே மாமல்லபுரம் பக்கத்திலுள்ள சாளுவன்குப்பமும் போனோம். அங்கே குடைந்த பாறையைச் சுற்றிச் செதுக்கிய யாளித் தலைகள். பெயரோ புலிக்குகை! பிள்ளைகளுக்கு அதில் உண்மையாகவே கோபம்.

சிறகு வந்தது குடை ரிப்பேர் செய்யும் ஐயாவால். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் பறக்கும் பல்லி விலா எலும்பை விரித்துத்தான் காற்றில் மிதக்கும் என்று படம் காட்டினேன். ஒன்றும் பேசாமல் ஆறு பழைய குடைகளைப் பிரித்தார். துருவேறிய கம்பிகளுக்குத் தேங்காயெண்ணெய் போட்டார். கயிற்றை இழுத்தால் விரிந்தது, விட்டால் மடங்கியது. காசு மட்டும் வாங்கவே இல்லை.

தருவதாகச் சொன்ன மண்டபம் நாலு நாள் முன்னால் கைவிரித்தபோது, காயப்போட்ட வடகத்தை அள்ளிக்கொண்டு மாடியை ஒழித்துக் கொடுத்தார் இரண்டாம் மாடிப் பாட்டி. துணிக்கொடிகளை அவிழ்த்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும், டியூப்லைட் கட்டிய தம்பிக்கும் நன்றி.

தாய் யாளி வாயைத் திறந்து குட்டியைச் சுனையில் இறக்கிவிட்டபோது, அதுவரை அம்மா மடியில் முகத்தைப் புதைத்திருந்த ஒரு பொடியன் எழுந்து வந்து யாளியின் வாய்க்குள் கையை விட்டான். நீங்கள் எல்லோரும் அதைப் பார்த்தீர்களா தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

யாளித் தலை எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறது. பிள்ளைகளை எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
நாடகத்தை எழுதிய அக்கா