ஆலோசனை மையக் கட்டடத் திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்கள் அனைவருக்கும் குழுவின் வணக்கம்.

எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. கிருமி பற்றிய விழிப்புணர்வும் ஆலோசனையும் தரும் நம் அமைப்புக்கெனக் கடலூர் முதுநகரில் வாங்கிய பழைய ஓட்டு வீட்டின் சீரமைப்புப் பணி முழுமையாக நிறைவுற்றது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

புதிய உறுப்பினர்களுக்காக நம் தொடக்கத்தை இங்கே பதிவு செய்வது அவசியம். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986-இல் சென்னையில், மருத்துவர்கள் சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் முயற்சியால் கண்டறியப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள் கழிந்தும் நம் ஊரில் அந்த நோயின் பெயரைச் சொல்லவே தயங்கிய காலத்தில், ஆசிரியர்கள், செவிலியர்கள், மீனவ இளைஞர்கள் எனச் சிலர் ஒன்றுசேர்ந்து, தை மாத ஆற்றுத் திருவிழாவுக்குப் பெண்ணையாற்றங்கரையில் கூடியவர்களிடம் துண்டறிக்கை கொடுத்தார்கள். வாங்கியவர்களில் பலர் முதல் வரியைப் பார்த்ததும் நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போய்ப் படித்திருக்கிறார்கள் என்பது, பிற்பாடு தனியே வந்து, ஒரே தட்டில் சாப்பிட்டால் தொற்றுமா, கொசு கடித்தால் தொற்றுமா என்று தணிந்த குரலில் கேட்டபோது புரிந்தது. 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட சில இடங்களில் மட்டும் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சையை அரசு இலவசமாகத் தொடங்கியபோது, தனியாகப் போக அஞ்சியவர்களுடன் நம் தொண்டர்கள் பேருந்தில் துணைக்குச் சென்றார்கள்.

இத்தனைக்கும் உட்கார்ந்து பேச இடம் கிடையாது. வாடகைக்கு எடுத்த ஓர் இடத்தையும், நாம் செய்யும் வேலை இன்னதென்று தெரிந்ததும் உரிமையாளர் காலி செய்யச் சொல்லிவிட்டார். அடுத்து அமைந்த இடத்தில் பாதி உயரத் தடுப்புதான். உள்ளே ஒருவர் அழுதால் வெளியே காத்திருப்பவர் தலையைக் குனிந்துகொள்வார்.

ஆகவே இந்தத் திருப்பணியில் குழு முதலில் கவனித்தது ஆலோசனை அறையைத்தான். அதன் சுவர்கள் கூரை வரை எழுப்பப்பட்டு, கதவு கனமான பலகையால் செய்யப்பட்டுள்ளது. தெருவில் நிற்பவர் கண்ணில் படாமல் வந்துபோகச் சந்துப் பக்கம் தனி வாசல் வைத்திருக்கிறோம். ஒருவரின் தொற்று நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது என்பதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டமே வலியுறுத்துகிறது. பதிவேடுகளுக்குப் பூட்டுடன் இரும்பு அலமாரியும் வாங்கியாயிற்று. உடைந்த ஓடுகளும் உளுத்த ரீப்பர்களும் மாற்றப்பட்டன. தரையும் மின்கம்பி வேலையும் புதியவை. கூலி வாங்க மறுத்த கொத்தனார் உறுப்பினருக்குக் குழு நன்றிக்கடன் பட்டுள்ளது.

வரவு செலவுக் கணக்கு ரசீதுகளுடன் அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. மீதமுள்ள தொகையில் சந்து வாசலுக்குச் சாய்தளம் அமைக்கலாம் என்பது குழுவின் பரிந்துரை. அடுத்த பொதுக்குழுவில் உறுப்பினர்கள் முடிவு செய்ய வேண்டுகிறோம்.