காலிக் கட்டத்துக்குள் ஒரு வறண்ட கிணறு

வட்டாரக் காலநிலை அறிக்கை தயாரிக்கும் ஆய்வாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். மழை, வெப்பநிலை, நிலத்தடி நீர்மட்டம் ஆகிய மூன்று பதிவுகளையும் வைத்துத்தான் ஒரு வட்டாரம் எப்படி மாறியிருக்கிறது என்று சொல்கிறீர்கள். எண்களைத் தருகிறீர்கள், சரி. அவற்றை எங்கே, எப்படி அளந்தார்கள் என்பதையும் சேர்த்துத் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கிணற்றிலிருந்து தொடங்குகிறேன். ஐந்து கண்காணிப்புக் கிணறுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தண்ணீர் தரையிலிருந்து 6, 8, 10, 14, 18 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. சராசரி 11.2. பத்து வருடம் கழித்து முதல் மூன்றிலும் ஒவ்வொரு மீட்டர் இறங்கி 7, 9, 11 ஆகிவிட்டது. மற்ற இரண்டும் வற்றிப்போயின. அளக்கப் போனவர் நாடாவை அடிவரை விட்டு இழுத்துப் பார்க்கிறார், நுனியில் ஈரமே இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்துவிடுகிறார். கணினியோ மிச்சமிருக்கும் மூன்றுக்குச் சராசரி போட்டு 9 என்கிறது. ஒரு கிணற்றில்கூடத் தண்ணீர் ஏறவில்லை, அறிக்கையில் மட்டும் 2.2 மீட்டர் ஏறியிருக்கிறது! அந்தக் காலிக் கட்டம் விடுபட்ட தகவல் அல்ல, இருப்பதிலேயே முக்கியமான தகவல். ‘வற்றியது’ என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

பாறையையும் மணலையும் ஒன்றாகச் சராசரி போடுவது இன்னொரு கூத்து. 30 மில்லிமீட்டர் நீர் உள்ளே இறங்குகிறது என்றால், நீர் தங்கும் இடைவெளி 2 சதவீதமே உள்ள பாறையில் மட்டம் ஒன்றரை மீட்டர் ஏறும். 20 சதவீதம் உள்ள மணலில் 15 சென்டிமீட்டர்தான். அப்புறம், பக்கத்தில் மோட்டார் ஓடும்போது அளந்தார்களா, நிறுத்திவிட்டு அளந்தார்களா? மழை குறையாமலே உறிஞ்சுவது கூடினாலும் மட்டம் இறங்கும். அந்தக் கணக்கையும் காலநிலையின் தலையில் கட்டிவிடக் கூடாது.

வெப்பநிலைப் பதிவில் நான் முதலில் தேடுவது நிலையத்தின் வரலாறு. இடம் மாற்றினார்களா, கருவியை மாற்றினார்களா, சுற்றிலும் கட்டடங்கள் வந்துவிட்டனவா? கட்டடங்கள் சூழ்ந்தால் இரவு வெப்பம்தான் அதிகம் ஏறும். பகலையும் இரவையும் கலந்து ஒரே சராசரியாகக் கொடுத்தால் இது கண்ணில் படாது.

மழைக்கு ஆண்டு மொத்தம் மட்டும் போதாது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால் மொத்தம் மாறாமலே மழை சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடலாம். மழை நாட்களின் எண்ணிக்கையையும் இரண்டு மழைக்கு நடுவே வந்த வறண்ட நாட்களையும் தனியே கொடுங்கள்.

இதையெல்லாம் கேட்பதால் காலநிலை மாற்றத்தையே நான் சந்தேகிப்பதாக நினைக்க வேண்டாம். புவி சூடாகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு வட்டாரத்தில் அதன் பங்கு எவ்வளவு, மோட்டாரின் பங்கு எவ்வளவு, இடம் மாறிய வெப்பமானியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள் என்கிறேன்.

அடுத்த அறிக்கையோடு திருத்தாத மூலப் பதிவையும், பதிவேட்டின் ‘குறிப்பு’ பத்தியில் கிறுக்கியிருப்பதையும் அப்படியே வெளியிடுங்கள். எத்தனை கிணறுகள் வற்றிக் கணக்கிலிருந்து விழுந்தன என்பது முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அறிக்கைகளைக் கடைசிப் பக்கம் வரை படிக்கும் வாசகன்