டேப்புக்குள் ஒரு விரல்

அன்புள்ள நெட்டையனுக்கு,

தைப்பூசத்துக்கு முன்னால் வந்த உன் கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் இந்த வரியோடு திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லாரும் சௌக்கியம். மூத்தவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். கரண்ட் வந்தால் வந்தது, போனால் போனது. விற்காமல் வைத்திருந்த மிதி மிஷின்தான் இப்போது சோறு போடுகிறது. பெட்டிக்கடைக்காரர் உன்னை விசாரித்தார். உன் கடனையும் விசாரித்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு தப்பு செய்துவிட்டேன். வீட்டில்கூட முழுசாகச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

ரங்கூனுக்கு அக்கரையில், சிரியம் பக்கத்தில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் நடக்கும், உனக்குத் தெரியும். அதோடு சேர்த்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சத்துக்குறைவு இருக்கிறதா என்று அளவெடுத்துப் பார்க்க ஒரு நர்ஸ் வருகிறார், பர்மிய வழக்கப்படி மரியாதையாக சயாமா என்றுதான் கூப்பிடுவோம். கரென் இனத்துப் பெண். கூட வரவேண்டிய ஆள் அன்றைக்கு வரவில்லை. நம்ம தலைவர் சும்மா இருப்பாரா? "இவர் டெய்லர்தானே, டேப் பிடிக்கிற கை" என்று என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். நாற்பது வருஷமாக ஊராரின் உடம்பை அங்குலக் கணக்கில் தெரிந்துவைத்திருக்கிறவன், ஒரு குழந்தையின் கையை அளக்க மாட்டேனா?

அந்த டேப் நம்ம இஞ்சு டேப் மாதிரி இல்லை. விரல் அகலத்தில் வழவழப்பான ஒரு பட்டை. நுனியைச் சின்னத் துளையில் நுழைத்து இழுத்தால், அம்புக்குறி நிற்கிற இடம்தான் அளவு. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் போட்டிருக்கிறது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு மேல்கையின் சுற்றளவு 12.5 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் பச்சை. 11.5 வரை மஞ்சள். அதற்குக் கீழே சிவப்பு, உடனே வைத்தியம் பார்க்க வேண்டிய பிள்ளை. இடது கைதான் கணக்கு. முழங்கையை மடக்கி, தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, கையைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். நான் ஸ்லீவுக்கு அளவெடுக்கிற இடம்தான். சயாமா இரண்டு தடவை செய்து காட்டினார். மூன்றாவது தடவை, "தெரியும், தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

பதினேழு பிள்ளைகளை அளந்தேன். இரண்டு மஞ்சள், மற்றதெல்லாம் பச்சை. பதினெட்டாவதாக ஒரு பாட்டி 20 மாதப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். தாய்க்காரி கார்மென்ட் பேக்டரியில் வேலை, விடிந்தால் போய் இருட்டினால் வருகிறாள். குழந்தைக்குக் கஞ்சித் தண்ணீர், அழுதால் காபிமிக்ஸ். திருஷ்டிக்குக் கறுப்பு வளையல் போட்டிருந்தது. "போன மாசம் மணிக்கட்டைத் தாண்டாது தம்பி, இப்ப பாருங்க" என்று பாட்டி வளையலை மேலே தள்ளிக் காட்டினாள். அது முழங்கையைத் தாண்டி ஏறி நின்றது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அளவு பெரிசா வாங்கியிருப்பீங்க பாட்டி." சொல்லிவிட்டு டேப்பைச் சுற்றினேன். 12.6. பச்சை. எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

சயாமாவின் கண் அந்த வளையலில் விழுந்திருக்கிறது. எழுந்து வந்து, என் கையிலிருந்த டேப்பை வாங்கித் தானே சுற்றினார். 11.4.

நான் நம்பவில்லை. "இன்னொரு தடவை பாருங்க" என்றேன். "நீங்களே பாருங்க, நான் உங்க கையைப் பார்க்கிறேன்" என்றார். சுற்றினேன். திரும்பவும் 12.6. அவர் பேசாமல் என் இடது ஆள்காட்டி விரலைத் தொட்டார். அந்த விரல் டேப்புக்கும் குழந்தையின் கைக்கும் நடுவில் இருந்தது.

நெட்டையா, அந்த விரல் அங்கே போனது எனக்கே தெரியாது. துணிக்கும் உடம்புக்கும் நடுவில் மூச்சு விட இடம் வேண்டும் என்று பதினாலு வயசில் முதலாளி தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது. ஒரு விரல் லூசு விடாமல் என் கைக்கு டேப் பிடிக்கவே தெரியாது. உன் கல்யாணச் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதில் மாப்பிள்ளைத் தோழனும் சேர்ந்து நுழையலாம்" என்றாயே, அதே விரல்தான். அன்றைக்குச் சிரித்தோம்.

சயாமா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கூப்பிட முடிந்த பிள்ளைகளையெல்லாம் திரும்பக் கூப்பிட்டு அளந்தார். என் பச்சையில் நான்கு பேர் மஞ்சளானார்கள், என் மஞ்சளில் ஒன்று சிவப்பானது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தவர்களைத் தேடிச் சாயங்காலம் வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் மட்டும் ஆளில்லை. பெகுவுக்கு வேலை தேடிப் போய்விட்டார்களாம். அந்தப் பையனுக்கு நான் எழுதிய அளவு 12.8. விரலைக் கழித்தால் என்ன வரும் என்று தினமும் கணக்குப் போடுகிறேன்.

அந்தப் பெண் குழந்தையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் சயாமா இரண்டு பாதங்களையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பார்த்தார். எடுத்த பிறகும் குழி நின்றால் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம், அப்போது டேப் என்ன சொன்னாலும் ஆபத்துதான். பிள்ளை பூசினாற்போல இருக்கிறது என்று நாம் கொஞ்சிக்கொண்டிருப்போம். இதற்குக் குழி விழவில்லை. எடையைப் பாட்டியே சொன்னாள், மீன்காரியின் தராசில் வைத்துப் பார்த்தாளாம், நாலரை விசை. சயாமா போனில் 1.6 ஆல் பெருக்கி, ஏழு கிலோ சொச்சம் என்றார், பிறகு தன் தராசிலும் போட்டுப் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது. இந்த வயசுப் பெண் பிள்ளைக்குச் சராசரி பத்தரை கிலோ. காய்ச்சல் இல்லை, பசி இருக்கிறது, அதனால் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று வேர்க்கடலை விழுதுப் பாக்கெட் கொடுத்தார். பால்மாவு, எண்ணெய், சர்க்கரை, வைட்டமின் எல்லாம் கலந்தது. 92 கிராம் பாக்கெட்டில் 500 கலோரி. குழந்தை மூலையைச் சப்பிய வேகத்தைப் பார்த்துப் பாட்டி அழுதுவிட்டாள்.

அந்த வளையலைப் பற்றி இன்னொன்று. உட்குறுக்களவு 4 சென்டிமீட்டர் உள்ள வளையல் முழங்கையைத் தாண்டி ஏறினால் பிள்ளைக்குச் சத்துக்குறைவு என்று ஒரு சோதனையே இருக்கிறதாம். நாலை 3.14 ஆல் பெருக்கிப் பார், 12.56 வரும். பச்சைக்கோடு நிற்கிற இடம்! பாக்தாத்தில் ஷாகிர் என்ற டாக்டர் 1970களில் பழைய எக்ஸ்ரே பிலிமை வெட்டி நிறம் தீட்டி இப்படிப் பட்டை செய்திருக்கிறார். அதையெல்லாம் கேள்விப்படாத ஒரு பாட்டி கண்ணால் பார்த்துச் சொன்னதை, கையில் டேப் வைத்திருந்த நான் நக்கலடித்தேன்.

அப்புறம் நீளப் பலகை. இரண்டு வயதுக்குள் இருந்தால் படுக்கவைத்து அளக்க வேண்டும், அதற்கு மேல் நிற்கவைத்து. ஒருவர் தலையைப் பிடிக்க, ஒருவர் முழங்காலை அழுத்த, பிள்ளை போடுகிற சத்தம் பெகு ஆற்றைத் தாண்டிக் கேட்கும். அதே பிள்ளை படுத்தால் நிற்பதைவிட 0.7 சென்டிமீட்டர் கூடுதல் வருமாம். துணி மட்டும்தான் இப்படி ஏமாற்றும் என்று நினைத்திருந்தேன்.

"வெள்ளைக்காரப் பிள்ளையின் அளவை நம்ம பிள்ளைக்கு வைத்தால் எப்படிப் பொருந்தும்? நாமெல்லாம் குட்டை ஜாதி" என்று நான் வாதாடினேன். சயாமா பொறுமையாகச் சொன்னார்: உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவு அது. இந்தியா, ஓமன், கானா, பிரேசில், நார்வே, அமெரிக்கா என ஆறு நாடுகளில் பிள்ளைகளை அளந்து எடுத்தது. தாய்ப்பாலும் நல்ல சாப்பாடும் சுத்தமான வீடும் கிடைத்தால் டெல்லிப் பிள்ளையும் நார்வேப் பிள்ளையும் ஐந்து வயது வரை ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்கிறதாம். எனக்கு வாயடைத்துப்போயிற்று.

ஏனென்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று நீ தலைக்கு மேல் கையைப் போட்டு எதிர்க்காதைத் தொட்டுவிட்டாய். என் கை உச்சந்தலையோடு நின்றது. "அடுத்த வருஷம் வாடா கட்டையா" என்றார் வாத்தியார். பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது, நீ ஒரு வகுப்பு மேலே போய் அண்ணன் என்று கூப்பிடச் சொல்லி உயிரை எடுத்தாய். எங்கள் குடும்பமே குட்டை என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் என் தம்பி என்னைவிட நாலு அங்குலம் உயரம். அதே அப்பா, அதே அம்மா. பால் மறந்த பிறகு ஒரு வருஷம் முழுக்க எனக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை என்று அம்மா சொல்வாள். முதல் இரண்டு வருஷத்தில் போன உயரம் பிற்பாடு முழுசாகத் திரும்புவது கஷ்டம் என்கிறார் சயாமா. 69 வயசில் எனக்கு இது தெரிந்து என்ன செய்ய?

ஒன்று செய்தேன். பழைய அளவு நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். வருஷா வருஷம் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்குமுன் வெள்ளைச் சட்டையும் பச்சை லுங்கியும் தைக்க வருவார்களே, அந்தக் கணக்கு. வளர்கிற பிள்ளை, உள்தையல் நிறைய விடு என்பார்கள். மறு வருஷம் பிரித்துவிட வருவார்கள், பிரித்த இடத்தில் பழைய மடிப்பு பளிச்சென்று கோடாகத் தெரியும். இந்தச் சில வருஷமாகப் பிரித்துவிட ஆள் வருவது குறைந்துபோயிற்று. ரெடிமேட் வாங்குகிறார்கள், டெய்லருக்குக் கொடுக்கக் காசில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் தொடர்ந்து வருகிற சில வீட்டுப் பிள்ளைகளின் பக்கத்தைப் புரட்டினேன். ஒரு பையனுக்கு மூன்று வருஷமாகச் சட்டை நீளம் ஒரே எண். என் கையெழுத்துதான், மூன்று தடவை எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூட உறைக்கவில்லை.

2015-16இல் எடுத்த கணக்கில் இந்தப் பர்மா நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 29 பேர் வயசுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். உயரத்துக்கேற்ற எடை இல்லாமல் மெலிந்தவர்கள் 7 பேர். மெலிந்த பிள்ளையைக் கண்டால் யாராவது ஐயோ என்பார்கள். குட்டைப் பிள்ளை நாலு வயசில் மூன்று வயசுப் பிள்ளை மாதிரி கொழுகொழுவென்று நிற்கும், யாருக்கு என்ன தெரியும்?

பெரியவர்களையும் சயாமா விடவில்லை. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பார்களே, கெட்லே என்ற பெல்ஜியத்துக்காரர் 1832இல் கண்டுபிடித்த கணக்கு. அவர் வைத்தியரே இல்லை, வானநூல்காரர் என்று பேத்தி போனில் பார்த்துச் சொன்னாள். எனக்கு 24 வந்தது. 25 வரை பரவாயில்லையே என்று நெஞ்சை நிமிர்த்தினேன். "ஆசியாக்காரர்களுக்கு 23லேயே கவனம் வேண்டும், இடுப்பைக் காட்டுங்க" என்றார். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு 96. என் இடுப்பை அளக்கும்போது மட்டும் டேப்பை ஏன் அவ்வளவு இறுக்கிப் பிடித்தேன் என்று கேட்காதே. வீட்டில் அன்றிலிருந்து வடை நிறுத்தம்.

சிரித்துவிட்டாயா? இப்போது உன் முறை. உன் மச்சினன் மகன் வந்திருந்தான். நான் அனுப்பிய சட்டை உனக்குத் தொளதொளவென்று இருக்கிறது, மாமா சிரித்துக்கொண்டே போட்டுக்கொள்கிறார் என்றான். அதை நான் போன வருஷத்து அளவுக்குத்தான் தைத்தேன். என் விரல் அன்றைக்கும் அதே விரல்தான். அப்படியென்றால் குறைந்தது எது? எடையை உயரத்தால் வகுக்கிற அந்தக் கணக்கில் 18.5க்குக் கீழே போனால் எடை பற்றாது, உன் உயரத்துக்கு 60 கிலோ இருந்தால்தான் அதைத் தொடும். நீ எடை பார்த்தே எத்தனை நாள் ஆயிற்று? தங்கச்சி போன பிறகு இரண்டு வேளை டீயோடு ஓட்டுகிறாய் என்றும் பையன் சொன்னான். வயசானவர்களுக்குக் கெண்டைக்காலின் பருத்த இடத்தை அளப்பார்களாம், 31 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் தசை கரைகிறது என்று அர்த்தம்.

அந்தப் பெண் குழந்தைக்கு மூன்றாவது வாரம் 11.9 வந்திருக்கிறது. 12.5 ஏறி அடுத்தடுத்து இரண்டு தடவை நின்றால்தான் விடுவார்கள். வளையல் இன்னும் முழங்கையில்தான் ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் போகிறேன். இப்போது அந்த ஆள்காட்டி விரலில் ஒரு துணி சுற்றிக்கொண்டுதான் டேப்பைத் தொடுகிறேன், சயாமா பார்த்துச் சிரிக்கிறார்.

தீபாவளிக்கு உனக்குச் சட்டை வெட்ட வேண்டும். மேல்கை, மார்பு, இடுப்பு, கெண்டைக்கால் நாலையும் யாரையாவது விட்டு அளந்து பதில் தபாலில் எழுது. சட்டைக்குக் கெண்டைக்கால் எதற்கு என்று கேட்காதே. டேப்புக்குள் விரல் விடாதே. லூசு நான் விட்டுக்கொள்கிறேன்.

உன்
கட்டையன்