கருவியை அங்கேயே வைத்துவிட்டு வா, மச்சான்

திருகோணமலை

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதமும் அந்த வெள்ளிக் காசின் படமும் கிடைத்தன. படத்தை விறாந்தை வெளிச்சத்தில் பிடித்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முதலாம் எலிசபெத் ராணியின் முகம், தலைக்குப் பின்னால் சின்னதாக ஒரு ரோஜாப் பூ, மறுபக்கத்தில் 1578. இங்கிலாந்தில் உன் உலோகம் தேடும் கருவி கத்திய இடத்தில், உழுத வயலில் ஒரு சாண் ஆழத்தில் கிடந்தது என்று எழுதியிருந்தாய். அந்தக் காசை அடித்த காலத்தில் நம் சுவாமிமலையில் பழைய கோணேசர் கோயில் முழுசாக நின்றது. போர்த்துக்கேயர் அதை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டியது 1620களில்தான். இதைக் கணக்கு மாஸ்ரரிடம் சொன்னேன். படத்தை வாங்கிக்கொண்டு போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை.

காலமெல்லாம் இரவு வேலை பார்த்த நீ இப்போது காலைப் பனியில் வயல்வெளியில் நடக்கிறாய் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். வயல்காரரிடம் முதலில் கேட்டு, அனுமதி எடுத்து, தோண்டிய குழியைப் புல்லோடு திரும்ப மூடிவிட்டு வருகிறாய் என்று எழுதியது இன்னும் பிடித்தது.

நீ எழுதிய, இங்கிலாந்தின் ஹொக்ஸன் ஊர்க் கதையை நம் ஆட்களுக்கு வாசித்துக் காட்டினேன். 1992ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு கமக்காரர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடிக் கொடுக்க எரிக் லோஸ் கருவியோடு போனார். கிடைத்ததோ ஏறத்தாழ 15,000 ரோமக் காசுகளும் பொன் நகைகளும். அவர் கொஞ்சம் எடுத்ததும் நிறுத்தி, தொல்லியல்காரரை அழைத்தார் பார், அதுதான் விஷயம். அவர்கள் வந்து முறையாகத் தோண்டியபடியால்தான் எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள், சின்னச் சின்னப் பெட்டிகளில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது என்று தெரிய வந்தது. அவசரத்தில் வாரி எடுத்திருந்தால் பொன் மிஞ்சியிருக்கும், அதை வைத்தவர்களின் கை தெரிந்திருக்காது. அந்தச் சுத்தியலும் இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்றதும் எல்லோருக்கும் ஒரே வியப்பு.

சரி, வீட்டுக் கதைக்கு வருகிறேன். டச்சுக்குடாப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தாத்தா வீட்டு வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. பென்சன் எடுத்த பிறகு கொழும்பில் மகனோடு இருக்கலாம் என்று மனைவிக்கு ஒரு நினைப்பு இருந்தது. கூரையைக் கழற்றியபோது அவளே மனம் மாறிவிட்டாள். பனஞ்சிலாகைகள் எல்லாம் வயிரம். தட்டினால் இரும்பு மாதிரிச் சத்தம் கேட்கிறது. ஓடுகளை இறக்கிக் கழுவினோம். அடியில் பாசல் மிஷன் என்றும் 1865 என்றும் பதித்திருக்கிறது. வீடு அவ்வளவு பழசா என்று பேரன் கேட்டான். அது மங்களூரில் அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு, ஓடு சுட்ட ஆண்டு இல்லை என்று விளங்கப்படுத்தினேன். உடைந்தவை கொஞ்சம்தான். மிச்சம் எல்லாம் திரும்பக் கூரைக்கே போய்விட்டன.

கஷ்டம் கொடுத்தது எண்பதுகளில் பின்னால் சேர்த்துக் கட்டிய கொங்கிறீற் அறைதான். உப்புக்காற்று உள்ளே புகுந்து கம்பி துருவேறிவிட்டது. துரு ஏறினால் கம்பி பருக்கும், பருத்தால் கொங்கிறீற் வெடிக்கும், வெடிப்பு வழியாக இன்னும் உப்பு போகும். கட்டிய காலத்தில் கடல் மணலும் கலந்திருப்பார்கள் என்று மேசன் சொன்னார். அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஓட்டுக் கூரையோடு குசினியை நீட்டினோம். பழைய சுவரும் அப்படித்தான். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த சுவருக்கு யாரோ இடையில் சீமெந்து பூசிவிட்டார்கள். சுவர் குடித்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று, இடுப்பளவுக்குப் பொருக்கு விட்டது. சீமெந்தைச் சுரண்டி எடுத்து, சுண்ணாம்பை நீற்றிப் புளிக்கவைத்து அதையே பூசச் சொன்னேன். வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் இந்த மாரியில் சுவரில் கை வைத்துப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. ஊரில் பழைய வீடு வைத்திருக்கிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

முன் வாசல் நிலையைப் பற்றி உனக்குக் கட்டாயம் எழுத வேண்டும். முதிரை மரத்து நிலைதான், ஆனாலும் அடிப்பக்கம் மண்ணோடு கிடந்த துண்டைக் கறையான் தின்றுவிட்டது. மேசன் அலவாங்கால் நெம்பி நிலையைக் கிளப்பினார். அடியில் கருகிப்போன மாதிரி ஒரு பிடி மண், அதற்குள் ஒரு செப்புத் தகடு, தகட்டின் மேல் ஒரு காசு. தண்ணீரில் போட்டு விரலால் தேய்த்தேன். மூலை மழுங்கிய சதுரம், நம் சின்ன வயதில் பார்த்த அதே ஐந்து சதம். ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜ் மன்னர், மறுபக்கம் 1944. நிலை வைக்கும்போது நவதானியத்தோடு காசு போடுவது வழக்கம்தானே. யுத்தக் கப்பல்கள் துறைமுகத்தை நிறைத்து நின்ற அந்த வருஷத்தில்தான் தாத்தா நிலை வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாமல் இருந்த விஷயம் அது. தச்சு வேலைக்காரர் உளுத்த துண்டை வெட்டி எடுத்துவிட்டு, புது முதிரைத் துண்டை நாக்கு வைத்துப் பொருத்தினார். நிலையைத் திரும்ப நிறுத்தும்போது அந்த ஐந்து சதத்தை அதே இடத்தில் வைத்து, பக்கத்தில் பேரன் கையால் ஒரு பத்து ரூபாய்க் குற்றியும் வைத்தோம். மகன் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்றான். எனக்கு மனம் வரவில்லை. அது அந்த இடத்துக்கு என்று வைத்த காசு.

நம் ஆட்கள் எல்லோரும் நலம். ஸ்ரேசன் மாஸ்ரருக்கு முழங்கால் வலி, ஆனாலும் பின்னேரம் கடற்கரைக்கு வந்துவிடுவான். போன மாதம் எல்லோருமாக வான் பிடித்து மட்டக்களப்புக்குப் போனோம். முன்பு அந்த வழியில் போவது எப்படி என்று உனக்குத் தெரியும். கிண்ணியாவில் ஒரு பாதை, அதுதான் வண்டி ஏற்றும் மிதவை, பிறகு ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு பாதை, ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கிக் காத்துக் கிடக்க வேண்டும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது, நீளம் 396 மீற்றர். இப்போது கண் மூடித் திறப்பதற்குள் அக்கரை. வெருகல் முருகன் கோயிலில் இறங்கிக் கும்பிட்டோம். ஆற்றங்கரை மரநிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். திரும்பும்போது சட்டித் தயிர் வாங்கினோம். ஸ்ரேசன் மாஸ்ரர் வழி நெடுக உன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு வந்தான்.

இனி நீ கேட்ட விஷயம். வரும்போது கருவியையும் கொண்டு வரட்டுமா, எங்கள் பழைய வளவில் அம்மா 1990இல் யுத்த நேரம் புதைத்த சாமான்களைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். இதை நான் நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். கொண்டு வராதே, மச்சான்.

முதலில் சட்டம். அங்கே போல இல்லை இங்கே. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி பழம்பொருள் தேடித் தோண்ட அனுமதிப் பத்திரம் வேண்டும், மண்ணுக்குள் இருக்கும் பழம்பொருள் அரசுக்குச் சொந்தம். புதையல் தேடக் கருவியோடு போனவர்கள் கைதான செய்தி பேப்பரில் அடிக்கடி வருகிறது. நீ தேடப்போவது உன் அம்மாவின் சாமான் என்று யாருக்கு எப்படி விளங்கப்படுத்துவாய்? அப்புறம் நம் மண்ணின் குணமும் வேறு. புல்மோட்டைப் பக்கம் கரையில் கறுப்பாகக் கிடக்கிறதே இல்மனைட், அது இரும்பும் தைத்தானியமும் சேர்ந்த மணல். அப்படிப்பட்ட மண்ணிலும் உப்பு ஈரத்திலும் உன் கருவி வீணாகக் கத்தும் என்று உனக்கே தெரியும்.

ஆனால் நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் அந்தச் சத்தம்தான். உனக்கு அந்த ஒலி கேட்டால் மனம் துள்ளுகிறது. இங்கே அது மிதிவெடி எடுத்தவர்களின் ஒலி. முகமூடி போட்டுக்கொண்டு, முழந்தாளிட்டு, ஒரு சாண் ஒரு சாணாக அவர்கள் நகர்வதையும், மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் தங்கள் வளவைப் பார்த்துக்கொண்டு சனங்கள் நின்றதையும் நீ காணவில்லை. கால் இழந்தவர்கள் நம் வயதில் இருக்கிறார்கள், நம் பிள்ளைகள் வயதிலும் இருக்கிறார்கள். ஒரு குடியிருப்புக்குள் அந்தச் சத்தத்தைக் கொண்டு வர எனக்குச் சம்மதமில்லை.

அதற்காக உன் கேள்வியை அப்படியே விட்டுவிடவில்லை. உங்கள் வளவுக்குப் போனேன். இப்போது இருப்பவர்கள் நல்ல சனம், உன் கதையைச் சொன்னதும் கதிரை போட்டு இருத்தித் தேத்தண்ணி தந்தார்கள். கிணற்றடி வேம்பு நிற்கிறது. சுற்றிவர முற்றத்துக்குக் கம்பி வலை போட்டுக் கொங்கிறீற் இட்டிருக்கிறார்கள். அதன் மேல் எந்தக் கருவியை வைத்தாலும் கம்பிதான் பேசும். பிறகு உப்புவெளிக்குப் போய்ப் பின்வளவு மாமியைப் பார்த்தேன். மகள் வீட்டில் இருக்கிறா. காது கொஞ்சம் மந்தம், நினைவு தெளிவு. நான் கேட்டு முடிக்கும் முன்னரே சொன்னா: “தம்பி, அது அங்க இல்லை. புதைக்கேக்க அரிக்கன் லாம்பு பிடிச்சது நான்தான். முகாமால திரும்பி வந்த உடனை அவவே கிண்டி எடுத்திட்டா. அப்பவும் நான்தான் பக்கத்தில நின்டனான்.”

குத்துவிளக்கைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொடுத்துவிட்டாவாம். உயிரோடு திரும்பி வந்தால் விளக்கு உனக்கு என்று நேர்த்தி வைத்துத்தான் புதைத்தாவாம். குடமும் அண்டாவும் தாம்பாளமும் உன் அக்காவின் கலியாணத்துக்குப் போயினவாம். உனக்குக் கடிதத்தில் புதைத்ததை எழுதினா, எடுத்ததை எழுதிய கடிதம் வழியில் தவறியிருக்கும். அந்த நாளில் எத்தனை கடிதம் தவறியது.

கோயிலுக்கும் போனேன். ஐயர் உள்ளே போய் விளக்கை எடுத்து வந்து வைத்தார். அடித்தட்டில் புள்ளி புள்ளியாகக் கொத்திய எழுத்து: உன் அம்மாவின் முதலெழுத்து, உன் அப்பாவின் முதலெழுத்து, 1958. தட்டின் விளிம்பில் ஓரிடம் உள்ளே மடங்கியிருக்கிறது. கிண்டும்போது மண்வெட்டி பட்ட இடம் அது என்று மாமி முன்னரே சொல்லியிருந்தா. வெள்ளிக்கிழமைகளில் ஏற்றுகிறார்களாம். படம் எடுக்கவில்லை, நீ வந்து கண்ணால் பார்க்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். ரொறன்ரோவில் அக்காவிடம் கேட்டுப் பார், பித்தளைக் குடம் இன்னும் இருந்தால் அடியில் இதே எழுத்து இருக்கும்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1950இல் நகரசபை கிணறு வெட்டியபோது கோணேசர் கோயில் விக்கிரகங்கள் வெளிவந்த கதையைச் சின்ன வயதில் எத்தனை தரம் கேட்டிருப்போம். சோமாஸ்கந்தரும் அம்மனும் முந்நூறு வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் இருந்தார்கள். பறங்கியர் வருகிறார்கள் என்று தெரிந்து யாரோ குழி வெட்டி, துணி சுற்றி, இறக்கி வைத்திருக்க வேண்டும். திரும்பி வந்து எடுப்போம் என்று நினைத்துத்தான் வைத்திருப்பார்கள். அவர்களால் முடியவில்லை. ஹொக்ஸனில் பெட்டி வைத்த ரோமர்களும் அப்படித்தான், அதில் கடைசிக் காசு ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று நீயே எழுதினாய், ரோம ஆட்சி அங்கே முடிகிற நேரம். உன் அம்மாவால் திரும்பி வர முடிந்தது, மச்சான். தன் கையாலேயே எடுத்து, கோயிலுக்கும் மகளுக்கும் பங்கு வைத்துக் கொடுத்தா. மண்ணுக்குள் அவவின் சாமான் ஒன்றும் மிச்சமில்லை என்பதில் எனக்கு அவ்வளவு நிறைவு.

அதனால் சும்மா வா. ஆனால் தள்ளிப் போடாதே, மாமிக்கு வயது எண்பத்தெட்டு. ஏப்பிரல் கடந்தால் நிலாவெளிக் கடல் அமைதி, புறாமலைக்குப் படகு போகும். கன்னியாவில் ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளிக் குளிக்கலாம். கோட்டைக்குள் மான்கள் முன்பு போலவே வழி மறித்து நிற்கின்றன. வயலில் நடக்கும்போது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் கொண்டு வா, நம் ஆட்கள் விடிய விடியக் கேட்கத் தயார். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வருவதாக இருந்தால் திகதியைச் சொல், ஸ்ரேசன் மாஸ்ரர் இடம் பதிந்து வைப்பான்.

தங்கச்சியும் வருவாவா? வருவா என்றால் கடல் பக்க அறையை உங்களுக்கு ஒதுக்கி, அதில் இரண்டாவது மின்விசிறியும் போடச் சொல்ல வேண்டும். வயர் வேலைக்காரர் மாத முடிவில் வருகிறார், அதற்கு முன் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்