நடைபாதைப் பணி நிறைவு அறிக்கை: சாப்டர் உறுப்பினர்களுக்கு

பெரியோர்களே, தாய்க்குலத்து உறவுகளே, தந்தைக்குலத்து உறவுகளே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் உள்ள நம் நவாஹோ நாட்டின் உள்ளாட்சிப் பிரிவுகளுள் ஒன்றான இந்தச் சாப்டரின் மன்றத்துக் கிழக்கு வாசலில் தொடங்கி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, ஓடையைக் கடந்து திரும்பும் நடைபாதை முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கை ரசீதுகளோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். மதிப்பிட்டதைவிடச் செலவு கூடியது உண்மை. ஒரு கோடைக்காலம் வீணானதும் உண்மை. இரண்டுக்கும் காரணம் ஜல்லி. கூட்டத்தில் எழுந்த கேள்விகளும் பெரும்பாலும் அதைச் சுற்றியே இருந்ததால், அதற்கு மட்டும் நீண்ட விளக்கம் தருகிறோம்.

முதலில் பணம் வந்த வழி. குழு யாரிடமும் கடன் வாங்கவில்லை. 2014 நவம்பரில் கையெழுத்தாகி 2015 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த ஆரோக்கிய தினே நாடு சட்டத்தின்படி (தினே என்பது நவாஹோ மக்களாகிய நம் சொந்தப் பெயர்), சோடா, சிப்ஸ், மிட்டாய் போன்றவற்றின்மீது வசூலான 2% கூடுதல் வரி 110 சாப்டர்களுக்கும் பகிரப்பட்டது. அதில் நம் பங்கே இந்தப் பாதை. “கடையில் எங்களிடம் பிடுங்கிய காசு” என்று ஓர் உறுப்பினர் சொன்னார். அதே 2014-இல் புதுக் காய்கறிக்கும் பழத்துக்கும் நம் விற்பனை வரி நீக்கப்பட்டதையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தக் கூடுதல் வரிச் சட்டத்தை அப்போதைய நவாஹோ நாட்டுத் தலைவர் பென் ஷெல்லி முதலில் மறுத்தார். தன்னார்வலர்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசி, திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் அது கையெழுத்தானது. அப்படி வந்த பணத்தில் ஒரு டாலரையும் அலட்சியமாகச் செலவிட எங்களுக்கு மனம் வரவில்லை. ஒப்பந்ததாரரோடு சண்டைக்கு நின்றதும் அதனால்தான்.

ஒப்பந்தத்தின் இணைப்பில் மேல்தளம் எப்படி இருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தோம்: கால் அங்குலத்துக்கு மேற்படாத நொறுக்குக் கல், அதோடு கல்தூள், தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டி இறுக்கிய பரப்பு. அவர் கொட்டியது முக்கால் அங்குல ஜல்லி. கேட்டதற்கு, “பாதை என்றால் ஜல்லிதானே, மழைக்குத் தூள் நிற்காது” என்றார். மழையைப் பற்றி அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஜூலை மழையில் ஓடை எப்படிப் பெருகும் என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு மருந்து நீர் போக வழி செய்வது. நடப்பவர் காலுக்கடியில் கூர்க்கல்லைப் போடுவது அதற்குத் தீர்வாகாது.

“கொஞ்சம் கல் இருந்தால் என்ன, நம் முன்னோர் பாறையில் ஓடவில்லையா?” என்று கேட்டவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். சோதனை நடையின்போது ஒரு பாட்டி முழுச் சுற்றும் நடந்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். கால் எப்படி இருக்கிறது என்று சமூகச் சுகாதாரப் பணியாளர் கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது என்று பாட்டி சிரித்தார். காலணியைக் கழற்றியபோது உள்ளே ஒரு ஜல்லி கிடந்தது. காலுறையின் அடிப்பாகம் ரத்தத்தில் நனைந்திருந்தது. பாட்டிக்கு வலியே தெரியவில்லை. பல ஆண்டு சர்க்கரை பாத நரம்புகளைக் கெடுத்துவிட்டால் இப்படித்தான் ஆகும். கல் குத்தினாலும் தெரியாது, புண் ஆனாலும் தெரியாது. சீழ் வைத்த பிறகு மருத்துவமனைக்குப் போனால் சில நேரம் விரலோடு போகும், சில நேரம் காலோடு போகும். நம் ஊரில் அப்படிக் காலை இழந்தவர்களை நாம் எல்லோரும் அறிவோம். சர்க்கரையைத் தடுக்கப் போட்ட பாதை சர்க்கரைக்காரர் பாதத்தைக் கிழிக்குமானால், அந்தப் பாதையைப் போடாமலே இருந்திருக்கலாம்.

அன்றே பாதையைக் கயிறு கட்டி மூடினோம். கடைசித் தவணையை நிறுத்தினோம். வழக்குப் போடுவதாக ஒப்பந்ததாரர் கடிதம் அனுப்பினார். நாங்கள் ஒப்பந்த இணைப்பின் நகலையும், ஒரு வாளி ஜல்லியையும், அளவு சல்லடையையும் மேசைமேல் வைத்துப் பேசினோம். பேச்சு இழுத்துக்கொண்டே போனது, கோடையும் போனது. முடிவில் அவர் போட்ட ஜல்லியை அள்ளி எறியாமல், அதையே இறுக்கி அடித்தளமாக்கி, மேலே தூள் பரப்புவது என்று உடன்பாடு. ரோலரும் ஆளும் அவர் பொறுப்பு. புதுத் தூளும் லாரி வாடகையும் நம் பொறுப்பு. கூடுதல் செலவில் பெரும்பகுதி அந்த லாரி வாடகைதான். குவாரி எவ்வளவு தூரம் என்பதை மறந்துவிட்டு, தூள் விலையை மட்டும் பார்த்துக் கேள்வி கேட்பது சரியாகாது. மீதிச் செலவு ஓடையில் போட்ட குழாய்ப்பாலத்துக்கு. அது முதல் மதிப்பீட்டில் இல்லை. இருந்திருந்தால் முதல் மதிப்பீடே கூடியிருக்கும்.

குழாய்ப்பால வேலை குழு உறுப்பினர் ஒருவரின் உறவுக்காரருக்குப் போனதாக ஒரு பேச்சு உலவுகிறது. குலமுறைப்படி பார்த்தால் இந்தச் சாப்டரில் யார்தான் யாருக்கு உறவில்லை? விலைப்புள்ளிகள் மூடிய உறையில் வந்தன, சாப்டர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பிரிக்கப்பட்டன, நவாஹோ வணிக வாய்ப்புச் சட்டத்தின்படி நம்மவர் நிறுவனத்துக்கு முன்னுரிமை தரப்பட்டது. உறைகள் இன்னும் அலுவலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

மேய்ச்சல் உரிமையாளர்களின் ஒப்புதல், தொல்லியல் அனுமதி, சூரிய விளக்குகள், பெஞ்சுகள், கால்நடைத் தடுப்புக் கம்பி எல்லாம் முடிந்தன.

திறப்பு விழாவில் பொரித்த ரொட்டிக் கடைக்கு இடம் தராதது பற்றி. இதில் சிலர் மனம் புண்பட்டது தெரிகிறது. 1864-இல் அமெரிக்கப் படையினர் நம் மக்களை ஹ்வேல்தி (நியூ மெக்சிகோவின் பொஸ்க் ரெடோண்டோ முகாம்) வரை நடத்திச் சென்று அடைத்து வைத்தபோது, பழக்கமில்லாத மாவையும் காப்பிக்கொட்டையையும் கையில் கொடுத்தார்கள். 1868-இல் திரும்பி வந்தவர்கள் அந்த மாவைப் பொரித்துத்தான் பிள்ளைகளின் பசியாற்றினார்கள். அந்த ரொட்டியைச் சுட்ட கைகளை நாங்கள் என்றும் குறை சொல்லமாட்டோம். ஆனால் ஏறக்குறைய மேற்கு வர்ஜினியா அளவுள்ள நம் நாட்டில் பெரிய மளிகைக்கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கொழுப்பில் பொரித்த மாவு எந்தப் பெட்ரோல் நிலையத்திலும் கிடைக்கும். காய்கறிக்கோ ஒரு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். ஒருநாளாவது வேறு சோறு இருக்கட்டும் என்று நினைத்தோம். ஜூனிபர் இலைச் சாம்பல் கலந்த நீலச்சோளக் கூழ், ஆவியில் வெந்த சோளம், பூசணியோடு ஆட்டுக்கறி, சீனி போடாத நவாஹோ தேநீர் பரிமாறினோம். பானைகள் காலியாயின. அந்தச் சாம்பலில் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது என்று சுகாதாரப் பணியாளர் சொன்னபோது, “எங்கள் அம்மா கேட்காமலே போட்டாள்” என்று ஒரு பெரியவர் பதில் சொன்னார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். தனிப்பெயர் வேண்டாம், குலப்பெயர் போதும் என்று கூட்டத்தில் தீர்மானித்தபடி எழுதுகிறோம். பெஞ்சுகளுக்குச் செடார் மரம் தந்த கின்யாஆனீ குலத்துச் சகோதரர்கள். லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்த தோதிச்சீனீ குலத்து இளைஞர்கள். வேலைநாட்களுக்கு ஆடு தந்த ஆஷீஹீ குலத்துப் பாட்டி. கம்பிவேலியை வெல்டிங் செய்து கூலி வாங்காத தாபாஹா குலத்து மாமன், மருமகன். தாம் நெய்த கம்பளத்தை ஏலத்துக்குத் தந்த ஹொனகாஹ்னீ குலத்து அத்தை. அந்த ஏலத்தொகையில்தான் கடைசி லாரித் தூள் வந்தது. சோளம் அரைத்த பெண்கள், கல் பொறுக்கிய பள்ளிப் பிள்ளைகள், மகரந்தத் தூள் தூவி வாழ்த்திய மருத்துவப் பெரியவர். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் அலுவலகத்தில் சொல்லுங்கள், பலகையில் சேர்த்துவிடுவோம்.

இப்போது விடியற்காலையில் பாதையில் ஆள் இருக்கிறது. பூப்பெய்தியதும் நடக்கும் கினால்தா சடங்குக்கு ஓடும் பெண்பிள்ளைகளும் கிழக்கு நோக்கி இதில்தான் ஓடினார்கள். டயாலிசிஸுக்குப் போகும் நாள் தவிர மற்ற நாட்களில் வந்து நடக்கும் ஒரு தாத்தா, பாதை இறுக்கமாக இருக்கிறது, தடி புதையவில்லை என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அத்தனை கடிதப் போக்குவரத்தையும் மீண்டும் செய்யக் குழு தயார்.

மீதித்தொகை சிறியது. அதைப் பராமரிப்புக்கு ஒதுக்கியிருக்கிறோம். ஜூலை மழைக்கு முன் குழாய்ப்பாலத்தில் அடைந்த மண்ணை எடுக்க வேண்டும். ஓரங்களில் நெருஞ்சி முளைத்துவிட்டது. அது காய்த்து முள் கொட்டுவதற்குள் வேரோடு பிடுங்க வேண்டும். எந்தக் குடும்பத்துக்கு எந்த வாரம் என்ற பட்டியல் மன்றக் கதவில் இருக்கிறது. கையுறையும் மண்வெட்டியும் அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

செயலாளர்,
நடைபாதைக் குழு