சைட்செயினுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

வீட்டில் கட்டிய வால்வு கம்ப்ரஸரை, அதாவது ஒலி மிதமிஞ்சி ஏறும்போது தானாக அடக்கும் வெற்றிடக்குழாய்க் கருவியைப் போன வாரம் முதன்முறையாக ஒரு முழுக் கச்சேரியின் ஒலிப்பதிவுக்குப் பயன்படுத்தினோம். கேட்டுப் பார்த்த பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் என்னைத்தான் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டைப் பங்குபோட்டுக் கொடுக்கவே இந்த மடல். பெயர் வேண்டாம் என்று பலர் சொல்லிவிட்டதால் இடத்தையும் உறவையும் மட்டும் குறிப்பிடுகிறேன். அவரவருக்குத் தெரியும்.

கம்ப்ரஸரில் பாட்டு போகிற பாதை சிறியது. நுழையும் இடத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஜோடியாக இரண்டு வால்வு, வெளியேறும் இடத்தில் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர், அவ்வளவுதான். ஒலி ஏறும்போது அந்த வால்வுகளின் கிரிட்டை (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிச்சுருளை) எதிர்மின்னழுத்தத்தில் இறக்கி, பெருக்கத்தை எவ்வளவு குறைப்பது, எத்தனை வேகத்தில் குறைப்பது, எப்போது விடுவிப்பது என்பதையெல்லாம் முடிவுசெய்யும் பக்கச் சுற்றுதான் சைட்செயின். பாட்டைக் காப்பதும் அதுதான், கெடுப்பதும் அதுதான்.

முதல் நன்றி, சிங்கப்பூர் தேக்காப் பக்கம் ஒரு காலத்தில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஐயாவுக்கு. ஃபேர்சைல்டு 670 என்ற பெயர்பெற்ற பழைய கம்ப்ரஸரின் வரைபடத்தை அவர் முன்னால் விரித்தேன். 20 வால்வு, 14 டிரான்ஸ்ஃபார்மர் என்று பயமுறுத்துகிற பெட்டி அது. அவர் விரல் நேராக, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு இருக்கும் இடத்தில் போய் நின்றது. "இது நம்ம ஏவிசிதானே தம்பி. ஸ்டேஷன் பலமா வந்தா ரேடியோ தானா அடக்கிக்கும்ல, அதேதான்," என்றார். ஏவிசி என்றால் ரேடியோவின் தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு. அன்றிலிருந்து எனக்கு வரைபடம் படிக்க வந்தது. 670-இல் இருக்கும் 6386 வால்வு இன்று கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும். பழைய ரேடியோக்களில் ஏவிசிக்கென்றே இருந்த 6பிஏ6-ஐ எடுத்துக் கொடுத்தவரும் ஐயாதான். அதன் கிரிட் கம்பி ஒரே சீரான இடைவெளியில் சுற்றப்படாததால், மின்னழுத்தம் இறங்க இறங்கப் பெருக்கம் சட்டென்று அறுந்துவிடாமல் மெல்லக் குறையும்.

ஜூரோங் அண்ணன் பொறியாளர். கணக்கில் கறார். சைட்செயினை 12ஏஎக்ஸ்7 வால்வு வைத்து ஓட்டலாமா என்று கேட்டதற்கு, கையிலிருந்த ரசீதின் பின்பக்கமே கணக்குப் போட்டுக் காட்டினார். அதன் பிளேட் மின்தடை, அதாவது வால்வின் உள்மின்தடை, சுமார் 62 கிலோஓம். அடக்கும் மின்னழுத்தத்தைத் தேக்கிவைக்கும் 0.22 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரை அது நிரப்புவதற்கான கால மாறிலி (பெரும்பகுதி நிரம்ப ஆகும் நேரம்) ஏறக்குறைய 14 மில்லிவினாடி. மிருதங்கத்தின் அடி அதற்குள் தாண்டிப் போய்விடும். 6எஸ்என்7 என்றால் 7.7 கிலோஓம், இரண்டு மில்லிவினாடிக்கும் குறைவு. சைட்செயினுக்குத் தேவை வோல்டேஜ் மட்டுமல்ல, கப்பாசிட்டரை உடனே நிரப்புகிற பலமும்தான் என்பது அந்த ரசீதில் புரிந்தது. அடக்குவது எந்த அளவில் தொடங்க வேண்டும் என்பதற்கும் அவர் வழியே எளிது: டயோடின் கேத்தோடு என்ற முனையைச் சில வோல்ட் மேலே தூக்கிப் பிடித்தால், ஒலியின் உச்சம் அதைத் தாண்டும்வரை டயோடு சும்மா இருக்கும்.

அடுத்து மிருதங்க வித்வானுக்கு. இவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். விடுவிக்கும் நேரத்தைத் தீர்மானித்தது என் மீட்டர் அல்ல, அவர் காது. 0.22 மைக்ரோஃபாரடைக் காலிசெய்ய 1 மெகாஓம் மின்தடை போட்டால் கால் வினாடிக்குள் அடக்கலைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் நடுவே தம்பூரா மூச்சிரைப்பதுபோல் ஏறி இறங்கியது. 4.7 மெகாஓம் வைத்தால் தம்பூரா நிலைத்தது, ஆனால் தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத்தில், விழுந்த ஒரு பலமான அடிக்குப் பின்னால் வந்த மெல்லிய கமகம் அமுங்கிப்போனது. "ஒத்தை அடிக்கு ஒரு கணக்கு, தனி ஆவர்த்தனத்துக்கு வேற கணக்கு வேணும் சார்," என்றார் அவர். ஃபேர்சைல்டு 670-இன் நேரத் தேர்வுச் சுவிட்சின் ஆறாவது நிலை செய்வதும் அதையேதான்: தனி உச்சத்துக்கு 0.3 வினாடி, தொடர்ந்து பல உச்சங்கள் வந்தால் 10, ஒலி ஓயாமல் உயரத்திலேயே இருந்தால் 25 வினாடி.

ஆகவே 0.22 மைக்ரோஃபாரடிலிருந்து 470 கிலோஓம் வழியாக இன்னொரு 2.2 மைக்ரோஃபாரடுக்கு இணைத்து, அதன் குறுக்கே 2.2 மெகாஓம் வைத்தோம். ஒற்றை அடியின் மின்னூட்டம் பத்தில் ஒரு வினாடியில் பெரிய கப்பாசிட்டருக்குள் கரைந்துவிடுகிறது. வாசிப்பு தொடர்ந்தால் பெரியதும் நிரம்பி, இறங்குவதற்குச் சுமார் ஐந்து வினாடி எடுத்துக்கொள்கிறது. தொப்பியில் எழும் கனத்த நாதமான கும்கி மட்டும் பாட்டையே கீழே இழுத்துக்கொண்டிருந்தது. சைட்செயினின் வாசலில் 0.01 மைக்ரோஃபாரடும் 150 கிலோஓமும் வைத்து 106 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டுப்படுத்தினோம். தொப்பியின் கனம் பதிவில் அப்படியே இருக்கிறது, ஆனால் அடக்குகிற முடிவை அது எடுப்பதில்லை. அந்த மாலைகளில் கும்கி ஒன்றையே சலிக்காமல் திரும்பத் திரும்ப வாசித்த வித்வானுக்கும், சுவருக்கு அப்பால் அதைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டு மக்சிக்குக்கும் (மலாய் அத்தைக்கும்) என் வணக்கம்.

2017 ஜூலையில் மூடப்பட்ட சுங்கை ரோடு சந்தையில் கடை போட்டிருந்த சீன அங்கிள், எஞ்சிய வால்வுகளை இன்னும் வீட்டில் வைத்திருக்கிறார். ஒரு பெட்டி நிறைய 6பிஏ6 எடுத்துவந்து, "சோதிச்சுட்டு வேண்டியதை வெச்சுக்க," என்று விட்டுப் போனார். அதனால்தான் ஜோடி அமைந்தது. சும்மா இருக்கும்போது சமமாக இருந்தால் போதாது. கிரிட் மைனஸ் 3, 6, 10 வோல்ட்டில் நிற்கும்போதும் இரண்டு வால்வும் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு அடக்கலிலும் 'தொம்' என்று ஒரு சத்தம் கிளம்பும்.

பாலிடெக்னிக்கில் படிக்கும் தங்கை மகள்தான் பலகையை ஆல்கஹால் போட்டுத் துடைத்துத் துடைத்துச் சுத்தம் செய்தாள். மெகாஓம் கணக்கில் மின்தடை இருக்கும் இடத்தில், நம்மூர் ஈரக்காற்றும், பற்றவைக்கப் போட்ட பிளக்ஸ் பசையின் மிச்சமும் சேர்ந்தால் மின்கசிவே கால மாறிலியை மாற்றிவிடும். 250 வோல்ட் சப்ளையைத் தொடுவதற்கு முன் கப்பாசிட்டர் காலியாகிவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்க வைத்த எலெக்ட்ரிஷியன் மாமாவுக்கும், ஒற்றை ரெசிஸ்டர் கேட்டாலும் முகம் சுளிக்காமல் தேடி எடுத்துத் தந்த சிம் லிம் டவர் கடைக்காரர்களுக்கும் நன்றி.

வரைபடமும் மதிப்புகளும் தயாராக இருக்கின்றன. கட்ட நினைப்பவர் யார் கேட்டாலும் தருகிறேன். அடுத்து இரண்டாவது சேனலைக் கட்டி, இரண்டு சைட்செயினையும் இணைக்க வேண்டும். ஜூரோங் அண்ணன் இப்போதே ரசீதைத் தேடத் தொடங்கிவிட்டார்.

நன்றியுடன்,
அங் மோ கியோவிலிருந்து உங்கள் தம்பி