கடனீரேரியை அடைத்தால் வறுமை நீங்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டு நிறுவனங்கள் இலங்கையின் வடக்கில் காலூன்றினால் வறுமை தானாக ஒழிந்துவிடும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. பிழைப்புக்காகப் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிய மண்ணில் இந்தப் பேச்சு எடுபடுவது இயல்பே. 2016ஆம் ஆண்டு அரசு எடுத்த கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை விகிதம் 4.1 சதவீதம், யாழ். மாவட்டத்தில் 7.7, அயலிலுள்ள கிளிநொச்சியில் 18.2. முதலீடு வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை. ஆனால் வரும் முதலீடு யாருடைய கையிலிருந்து எதைப் பறிக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியாது.

கடலடியில் ஊரும் உயிரினமான கடலட்டையைப் பாருங்கள். நம் வீட்டுச் சட்டியில் அது வேகுவதில்லை. அவித்து உலர்த்திச் சீனாவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்புகிறார்கள். யாழ்ப்பாணத்து அரியாலையில் சீன முதலீட்டுடன் கடலட்டைக் குஞ்சு பொரிக்கும் நிலையம் வந்தது. 2022 ஜூனில், யாழ்ப்பாணம் உட்பட நான்கு மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் கடலட்டை வளர்க்கும் திட்டத்துக்கு அமைச்சரவை அனுமதி கொடுத்தது. பண்ணைகளுக்கு ஏற்றது கடனீரேரி போன்ற கரையோரத்து ஆழமற்ற கடல். வள்ளமும் இயந்திரமும் வாங்க வழியற்றவர்களின் கடலும் அதுதான். ஆழமற்ற கடலில் கம்பு நட்டுக் களங்கண்டி வலை கட்டுபவர்களும், நீர் வற்றும் வேளையில் இறங்கி இறாலும் நண்டும் பிடிக்கும் பெண்களும் அதை நம்பியே அடுப்பு மூட்டுகிறார்கள். இவர்களுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. அதனால் கடலை வலையால் அடைக்கும்போது இவர்களின் இழப்பு எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. பண்ணைக் காவலுக்கு நாலு பேரைச் சேர்த்தால் அது மட்டும் வேலைவாய்ப்பு என்று பதிவாகிறது. 2021இல் கிளிநொச்சி மாவட்டத்துக் கௌதாரிமுனையின் கடலட்டைப் பண்ணைக்கு எதிராக மீனவர்கள் குரல் எழுப்பியதில் என்ன வியப்பு?

பண்ணை உள்ளூரவர் பெயரில் இருந்தால் மட்டும் போதாது. குஞ்சை விற்பவரும் விளைந்ததை வாங்குபவரும் ஒருவரே என்றால், இடையில் நின்று வளர்ப்பவர் எந்த விலையைப் பேச முடியும்? உலர்ந்த கடலட்டையில் பச்சை எடையின் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது, ஆனால் பணம் அங்கேதான் இருக்கிறது. அவித்து உலர்த்தி ஏற்றுமதி செய்யும் வேலையைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களிடம் ஒப்படைக்க அரசு ஏன் முதல் போடக்கூடாது?

பிழை நேர்ந்தபின் திருத்தலாம் என்பவர்கள் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தை நினைக்கட்டும். மின் உற்பத்தியின் எண்ணெய்க் கழிவு கிணற்று நீரில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தனியார் நிறுவனமொன்றை 2 கோடி ரூபா செலுத்தப் பணித்தது. பாதிக்கப்பட்ட ஒருவருக்கு அதிகபட்சம் 40,000 ரூபா! வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாட்டில், நிலத்தடிச் சுண்ணக்கல்லில் தேங்கும் மழைநீரையே குடிக்கும் சனத்துக்கு இது எந்த மூலைக்கு?

எனவே கடற்றொழிலாளர் சங்கத்தின் பொதுக்கூட்டச் சம்மதம் இல்லாமல் புதிய பண்ணை அனுமதி எதுவும் வழங்கக்கூடாது. ஏற்கெனவே அடைக்கப்பட்ட கடற்பரப்பின் வரைபடம் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். யாருக்கு எத்தனை ஏக்கர், எத்தனை ஆண்டுக்கு, என்ன குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது என்ற விபரத்தை 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற்று, தங்கள் பத்திரிகை முழுமையாக வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வேலணை.